ஒரு கட்டுக்குப் பன்னிரண்டு குச்சி

இந்த வருடம் என் வகுப்புக்கு இரண்டு பயிற்சி மாணவிகள் வந்திருக்கிறார்கள். வந்த அன்றே ஒருத்தி கேட்டாள்: "மேடம், உங்க ரெக்கார்ட் நோட்டு இருந்தா குடுங்களேன். பாத்து எழுதிக்கிடுதோம்."

இருக்கிறது. பத்து வருடமாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. என் மதிப்பெண்ணை மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள். விஷயம் அதுவல்ல. அந்த நோட்டில் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பற்றி நாலு பக்கம் பொய் எழுதியிருக்கிறேன். பொய் என்று தெரியாமல்தான் எழுதினேன். அதனால் மட்டும் அது உண்மையாகிவிடாது. அதைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

1. பூட்டிய பீரோ

ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டில் கற்பித்தல் பயிற்சிக்காக ராஜபாளையத்தை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளிக்கு என்னை அனுப்பினார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். காலையில் ஒரு பஸ், இறங்கி ஒரு மினிபஸ். முதல் நாள் மடியில் ஒரு கட்டைப்பை. அதில் முன்னூறு ஐஸ் குச்சி, இரண்டு பாக்கெட் ரப்பர் பேண்ட், ஒரு படி புளியங்கொட்டை.

'செய்து கற்றல்' என்ற பாடத்தை நாங்கள் கற்றுக்கொண்ட லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கணித விரிவுரையாளர், மேடம் என்றே சொல்கிறேன், அதை இரண்டு நாள் டிக்டேஷன் கொடுத்தார். "குழந்தை தன் கைகளால் பொருள்களைத் தொட்டு, எண்ணி, பிரித்து, சேர்த்து அறிய வேண்டும்." ஒரு கமா விடாமல் எழுதிக்கொண்டோம். அந்த இரண்டு நாளும் வகுப்பில் யாரும் ஒரு குச்சியைக்கூடத் தொடவில்லை. துணைக்கருவிகளை நாங்களே செய்துவர வேண்டும் என்று உத்தரவு. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அவற்றை ரெடிமேடாக விற்றார்கள். பெயர் எழுதும் இடத்தை மட்டும் நமக்காகக் காலியாக விட்டிருந்தார்கள்.

பள்ளி இருந்த தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியை கிரேஸ் டீச்சர்தான் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. காய்ச்சல் வந்த பிள்ளையைத் தன் ஸ்கூட்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறவர். அன்று ஆசையாக என்னைக் கூட்டிக்கொண்டு போய் பீரோவைத் திறந்து காட்டினார். அட்டைக் கடிகாரம், மணிச்சட்டம், தெர்மோகோல் தராசு, எல்லாம் பாலிதீன் உறைக்குள். ஒவ்வொன்றின் மேலும் முன்பு வந்த ஒரு பயிற்சி மாணவியின் பெயர்.

"எல்லாம் உங்க அக்காமாரு செஞ்சு குடுத்தது. ஒண்ணுகூட ஒடையல, பாத்துக்கோ."

"பிள்ளைக எடுக்க மாட்டாங்களா டீச்சர்?"

"எடுத்தா ஒடைச்சிரும்லா? பொறவு ஆய்வுக்கு வாரவிய கேட்டா என்னத்தக் காட்ட?"

அறைக்குள் நுழைந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கையக் கட்டு." இருபத்திரண்டு பிள்ளைகளும் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டார்கள். நான் குச்சிகளைத் தரையில் கொட்டி, எடுங்கள் என்றேன். ஒருவரும் எடுக்கவில்லை. கட்டிய கையை அவிழ்க்கலாமா என்று டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பள்ளியைத் திருத்திவிட்டுத்தான் போவேன் என்று மனதுக்குள் சபதம் வேறு செய்துகொண்டேன். அடுத்த வாரமே அதைவிடப் பெரிய தப்பை நான் செய்தேன்.

2. மிச்சம் பதினொன்று

இடமதிப்பு சொல்லிக்கொடுக்கும் செயல்பாடு எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்ததுதான். பத்துக் குச்சியைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டால் ஒரு கட்டு. கட்டு என்றால் பத்துகள், மிச்சம் என்றால் ஒன்றுகள். முப்பத்தாறு குச்சி கொடுத்தால் மூன்று கட்டும் மிச்சம் ஆறும் வர வேண்டும். திங்கட்கிழமை இதை விளக்கினேன். செவ்வாய்க்கிழமை பிள்ளைகளை ஐந்து வட்டமாக உட்கார வைத்து, வட்டத்துக்கு முப்பத்தாறு குச்சி கொடுத்து, "ஒவ்வொருத்தரா கட்டுப் போட்டுச் சொல்லுங்க" என்றேன்.

இரண்டாம் வகுப்பு வர்ஷினி திங்கட்கிழமை வரவில்லை. அது எனக்கு நினைவில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்க்கவும் தோன்றவில்லை. ஒல்லியான பிள்ளை, இரட்டைச் சடை. அவள் முறை வந்தபோது மளமளவென்று கட்டி முடித்துவிட்டாள்.

"எத்தன கட்டு?"

"மூணு டீச்சர்."

"மிச்சம்?"

"மிச்சம் இல்ல."

மிச்சக் குச்சிகளை எங்கேயோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் முப்பது குச்சி கொடுத்தேன். "ரெண்டு கட்டு, மிச்சம் ஆறு" என்றாள். முப்பதில் மிச்சம் ஏது? வியாழக்கிழமை நாற்பத்தேழு. "மூணு கட்டு, மிச்சம் பதினொண்ணு."

"மிச்சம் பதினொண்ணா? பத்துக்கு மேல மிச்சம் எப்பிடிட்டி வரும்?" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பிரயோஜனமில்லை. அவள் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கையை மறுபடியும் கட்டிக்கொண்டாள்.

அவள் கட்டும்போது குச்சியைப் பார்க்கவே மாட்டாள். கண் ஜன்னலில் இருக்கும், விரல் தானாக வேலை செய்யும். அதை 'கவனமின்மை' என்று குறித்துக்கொண்டேன். அந்த மூன்று நாளில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி எண்ணிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் சொன்ன விடையை என் கையில் இருந்த விடையோடு ஒப்பிட்டேன், அவ்வளவுதான். செய்து கற்றல் பிள்ளைகளுக்குத்தானாம், ஆசிரியைக்கு இல்லையாம்.

3. ஒரு மெல்லக் கற்கும் குழந்தை வேண்டும்

எங்கள் பாடத்திட்டத்தில் தனியாள் ஆய்வு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பயிற்சி மாணவியும் மெல்லக் கற்கும் குழந்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிக்கை எழுத வேண்டும். வகுப்பில் அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி மேடத்திடம் கேட்டாள். "எப்படி இல்லாமல் போவார்கள்? தேடினால் கிடைப்பார்கள்" என்றார். தேடினோம், கிடைத்தார்கள். மதிப்பெண்ணுக்காக வருடத்துக்கு எத்தனை பிள்ளைகள் இப்படிக் கிடைக்கிறார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்குக் கிடைத்தவள் வர்ஷினி. 'எண்ணுணர்வு இல்லை. ஒன்றுகளையும் பத்துகளையும் பிரித்தறிய இயலவில்லை. கவனம் குறைவு.' நாலு பக்கம், அழகான கையெழுத்து, சிவப்பு மையில் அடிக்கோடு. அடுத்த வாரம் மேற்பார்வைக்கு வந்த மேடம் படித்துவிட்டு, "நல்ல கேஸும்மா" என்று பாராட்டினார். வாங்கி வந்த மாம்பழத்தைச் சொல்வதுபோல் சொன்னார். நானும் பூரித்துப்போனேன்.

மேடம் போனதும் கிரேஸ் டீச்சர் ஒரு படிவத்தை எடுத்தார். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளை டாக்டரை வைத்துச் சோதிக்கும் முகாம் நடக்கப்போகிறது. பெயர்ப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

"மேடமே பாத்துட்டாக. இவ பேரையும் சேத்துருவோம். அவ அம்மாட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துரு."

அந்த முகாம் தேவைப்படுகிற பிள்ளைகளுக்கு அது நல்ல காரியம்தான். எத்தனையோ பிள்ளைகளுக்கு அதனால் கண்ணாடியும் காதுக் கருவியும் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஒரு பிள்ளையின் கையில் இருப்பதை எண்ணிக்கூடப் பார்க்காத ஒருத்தி எழுதிய நாலு பக்கத்தை நம்பி அனுப்புவதற்குப் பெயர் என்ன?

4. ஏழு கட்டு, மிச்சம் அஞ்சு

பள்ளி விட்டதும் வர்ஷினி வீட்டுக்குப் போனேன். அடுத்த தெருதான். ஓர் அறை, முன்னால் சின்னத் தாழ்வாரம். தரை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பேண்டேஜ் சுருள்கள். அவள் அம்மா சின்ன மெஷினில் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு முன்பே வந்துவிட்ட வர்ஷினி, யூனிபார்மோடு உட்கார்ந்து சுருள்களைச் சேர்த்துத் தாள் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பி போடுதேன்."

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டினேன். முகாம், டாக்டர், சும்மா ஒரு சோதனை என்று பூசி மெழுகினேன்.

"டாக்டரு எதுக்கு டீச்சர்? பிள்ள நல்லாத்தான இருக்கா?"

"கணக்கு கொஞ்சம் வரமாட்டேங்குது..."

"மூளைக்கா பாக்காக?"

அவர் மெஷினை நிறுத்தினார்.

"இவ அப்பா போன வருசமே சொல்லிட்டாரு. படிப்பு ஏறலன்னா நிப்பாட்டிரு, வீட்டோட கெடந்து கட்டுப் போடட்டும்னு. நாந்தான் மல்லுக்கு நின்னு அனுப்பிக்கிட்டு இருக்கேன். இதுல நான் கையெழுத்துப் போட்டா, நானே அவருக்கு வழி விட்ட மாதிரி ஆயிரும்லா? நெசமாவே படிப்பு வராதா டீச்சர்? ஒளிக்காம சொல்லுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் பக்கம் திரும்பினார். கட்டுகளை எடுத்துப்போகும் கம்பெனி வேன் செத்த நேரத்தில் வந்துவிடும்.

"ஏட்டி, எம்புட்டு ஆச்சு?"

"ஏழு கட்டு, மிச்சம் அஞ்சு."

"பத்துக் கட்டு கேட்டிருக்காகளே. இன்னும் எம்புட்டு உருட்டணும்?"

"முப்பத்தொண்ணும்மா." தலையைத் தூக்கவில்லை. கையும் நிற்கவில்லை.

நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஏழு கட்டும் அஞ்சும் எழுபத்தைந்து, நூறுக்கு இன்னும் இருபத்தைந்து. முப்பத்தொன்று என்கிறாளே, பாவம், இங்கேயும் தப்பு என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு மெஷினைச் சுற்ற ஆரம்பித்தார்.

"எண்ணிக்கை சரியாம்மா? இருபத்தஞ்சுதான வரும்?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதுதான் எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி. "ஒரு கட்டுக்குப் பன்னெண்டுல்லா டீச்சர்."

படிவத்தைத் திருப்பி, அதன் முதுகில் கணக்குப் போட்டேன். ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு, அஞ்சு சேர்த்தால் எண்பத்தொன்பது. பத்துக் கட்டுக்கு நூற்றிருபது. மீதி முப்பத்தொன்று. எனக்குப் பேனா தேவைப்பட்டது. அவளுக்குத் தேவைப்படவில்லை. அப்படியே கீழே இன்னும் மூன்று கணக்கு எழுதினேன். முப்பத்தாறு குச்சியில் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று கட்டு, மிச்சம் இல்லை. முப்பதில் இரண்டு கட்டு, மிச்சம் ஆறு. நாற்பத்தேழில் மூன்று கட்டு, மிச்சம் பதினொன்று. மூன்றும் சரி. மூன்று நாளும் அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எண்ணியது கவனமின்மை இல்லை, கைப்பழக்கம்.

"வர்ஷினி, பள்ளிக்கூடத்துலயும் ஏன் பன்னெண்டு பன்னெண்டா கட்டுன?"

"கட்டுப் போடுன்னுதான டீச்சர் சொன்னீக?"

அவள் அம்மா இடையில் சொன்னார்: "போன வாரம் திங்கக்கெழம லோடு நெறைய வந்துட்டு டீச்சர். ஒத்தாசைக்கு இவள நிப்பாட்டிக்கிட்டேன். அன்னைக்கு எதும் நடத்துனீகளோ?"

நடத்தினேன். அன்றைக்குத்தான் பத்து என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். வர்ஷினியிடம், பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுக்குப் பத்துதான் என்று இப்போது சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பத்தா? வேன்ல எடுக்க மாட்டாகளே டீச்சர்."

அம்மாவும் மகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "கையெழுத்து வேண்டாம்மா. தப்பு என் மேல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5. எழுதிக் கொடு

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிரேஸ் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

"மேடம் பாத்து ஓகே பண்ணுன கேஸு. நான் எந்த முகத்த வச்சு பேர அடிக்க? நீயே அவியட்ட பேசு."

போன் செய்தேன். மேடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ரெக்கார்டில் கையெழுத்தாகிவிட்டதும்மா. மதிப்பீடு தவறு என்று நீயே எழுதிக் கொடுத்தால் செய்முறை மார்க் எப்படி நிற்கும்? முகாமுக்குப் போனால் என்ன, சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறாள் என்று அனுப்பிவிடப் போகிறார்கள்."

என்ன அழகான யோசனை! ஒரு பிள்ளைக்கு மூளை சரியாக இருக்கிறதா என்று தெருவே பேசும், அவள் அப்பாவுக்குக் காரணம் கிடைக்கும், அவள் தாழ்வாரத்தோடு நின்றுவிடுவாள். என் ரெக்கார்ட் நோட்டு மட்டும் கசங்காமல் இருக்கும். போனை வைத்தபோது எனக்குப் பயம் பாதி, ஆத்திரம் பாதி. செய்முறையில் மதிப்பெண் போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற கவலையும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

வர்ஷினியைக் கூப்பிட்டு, கிரேஸ் டீச்சர் மேஜை மேல் நாற்பத்தேழு குச்சியை வைத்தேன். "வீட்டுல கட்டுற மாதிரி கட்டு" என்றேன். கட்டினாள். டீச்சர் முதல் கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றி ஒவ்வொரு குச்சியாக எண்ணினார். பன்னிரண்டு. இரண்டாவது, பன்னிரண்டு. மூன்றாவதையும் விடவில்லை. மிச்சத்தையும் எண்ணினார்.

"அடிப் பாவி, சரியால்லா கட்டியிருக்கா!"

அவர் முகம் மாறிவிட்டது. ஆனாலும் பழகின அதிகாரி ஆயிற்றே. "எனக்குக் காகிதம் வேணும். நீ எழுதிக் குடு, நான் பேர அடிச்சிருதேன்" என்றார்.

எழுதினேன். 'இந்தக் குழந்தையின் கணிதத் திறனை நான் தவறாக மதிப்பிட்டேன். குழந்தைக்குக் குறைபாடு எதுவும் இல்லை. குறை என் கவனிப்பில் இருந்தது.' கீழே பெயர், பயிற்சி எண், கையெழுத்து. டீச்சர் பட்டியலை எடுத்து ஸ்கேல் வைத்து அவள் பெயரின் மேல் கோடு போட்டார்.

6. வராண்டா

இறுதித் தேர்வு வகுப்புக்கு மேடமும் வெளியிலிருந்து ஒரு தேர்வாளரும் வந்தார்கள். அன்று காலை கிரேஸ் டீச்சர் என் காதோடு சொன்னார்: "தட்டுத்தடுமாறுற பிள்ளைகள வராண்டாவுல உக்கார வச்சிருவோம். வருசா வருசம் அப்பிடித்தான். ஒனக்குத்தான் நல்லது." முன்பு வந்த அத்தனை அக்காமாரும் வாங்கிய நல்ல மதிப்பெண்ணின் ரகசியம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாரும் வெளியே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பைத் தொடங்கும்போது குச்சியை எடுக்கவில்லை. "உங்க வீட்டுல ஒரு கட்டுன்னா எத்தன?" என்று கேட்டேன். பன்னிரண்டு என்று ஏழெட்டுக் குரல் வந்தது. வர்ஷினி மட்டும் இல்லை, பேண்டேஜ் வேலை நடக்கிற வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும். மற்றவர்கள் அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்திருந்ததால் தப்பித்திருக்கிறார்கள். பின்வரிசையில் ஒருவன் எழுந்து, "கீரைக்கட்டுக்குக் கணக்கே கெடையாது டீச்சர், ஒரு கை அம்புட்டுதான்" என்றான். பெரிய சண்டையே நடந்தது. அதன் பிறகு, பள்ளிக்கூடத்துக் கட்டு பத்து என்று முடிவு செய்தோம். வர்ஷினி முப்பத்தாறு குச்சியை இரண்டு விதமாகவும் கட்டிக் காட்டினாள். முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து சொன்னாள்: "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல டீச்சர்?"

தேர்வாளர் எழுதிய குறிப்பு இது: 'ஆயத்தப் பகுதி நீண்டுவிட்டது. பாடக்குறிப்பில் இல்லாத செய்திகள் பேசப்பட்டன. வகுப்பில் சத்தம் அதிகம்.' என் தோழிகளைவிட மிகக் குறைவாகத்தான் போட்டிருந்தார்கள். நான் அழுதேன். வர்ஷினிக்காக அழவில்லை, மதிப்பெண்ணுக்காகத்தான் அழுதேன். மினிபஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்கக்கூடத் தயங்கினார்.

வர்ஷினி இப்போது பிளஸ் டூ. போன மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவளாகத்தான் வந்து பேசினாள். குச்சி, கட்டு எதுவும் அவளுக்கு நினைவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

நேற்று என் பயிற்சி மாணவி மறுபடியும் வந்தாள். "மேடம், தனியாள் ஆய்வுக்கு ஒரு மெல்லக் கற்கும் குழந்தை வேணும். நீங்களே சொல்லிருங்களேன்."

நான் மேஜையிலிருந்து ஒரு குச்சிக் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இதுல எத்தன குச்சி இருக்கு?"

"பத்து மேடம்."

"அவுத்துப் பாத்தியா?"

அவள் ரப்பர் பேண்டைக் கழற்றி எண்ண ஆரம்பித்தாள். பத்து வந்ததும் நிறுத்தி, கையில் மீந்திருந்த இரண்டு குச்சியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பப் போய்ப் பிள்ளையத் தேடு" என்றேன்.